சிறைக்குள் மனநோய்: மாத்திரை அறுந்துபோகும் இடங்கள்

தமிழ்நாட்டு மத்தியச் சிறைகளில் மாலை ஆறு மணிவாக்கில் அடைப்பு. ராத்திரிச் சாப்பாட்டை அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கதவு திறப்பது மறுநாள் காலை ஆறுக்கு. மனநோய்க்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு இந்த அட்டவணையே முதல் சிக்கல். படுக்கும்போது போடவேண்டிய ஒலான்சபின் மாத்திரை ஐந்து மணிக்கே வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஏழரை, எட்டுக்கெல்லாம் ஆள் அசந்து தூங்கிவிடுவார். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு முழிப்பு வரும். அதற்குப் பிறகு விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். காலையில் டாக்டரிடம் ‘தூக்கமே இல்ல சார்’ என்பார், மருந்தின் அளவு கூடும், பகலிலும் தள்ளாடுவார். நோய் முற்றியதாகப் பதிவாகிவிடும். இந்த இடத்தில் அளவைத் தொடுவதற்கு முன் மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அடைப்புக் கணக்கெடுப்பு முடிந்தபின் செவிலியரோ மருந்தாளுநரோ பிளாக்குக்கு ஒரு சுற்று வந்து கம்பிக்கு வெளியிலிருந்து கொடுத்தால் பலருக்குத் தூக்கம் சரியாகும்.

சிறையில் மனநோய் என்றதும் மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்றுதான் பேச்சு தொடங்கும். டாக்டர் பற்றாக்குறை உண்மைதான். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு உளவியலாளர், மனநல மருத்துவர் என்று பணியில் இருப்பவர்கள் வெறும் 25 பேர் என்று 2025-இல் வெளியான இந்திய நீதி அறிக்கை கணக்குச் சொன்னது. 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேட்டின்படி 500 கைதிகளுக்கு ஒரு ஆலோசகர் வேண்டும். ஆனால் மாத்திரை அநேகமாக எல்லா மத்தியச் சிறை மருத்துவமனையிலும் இருக்கிறது. அது நின்றுபோவது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களில்: போலீசிடமிருந்து சிறைக்கு, பகலிலிருந்து அடைப்புக்கு, ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு, கடைசியாகச் சிறையிலிருந்து வீட்டுக்கு. இந்த ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

உள்ளே இருப்பவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். ‘மனச்சோர்வு’ என்றெல்லாம் அங்கே யாரும் சொல்வதில்லை. ‘யோசனை ஜாஸ்தி’ என்பார்கள். கேஸ் யோசனை, வீட்டு யோசனை, பெண்டாட்டி யோசனை. மருந்தும் கையோடு சொல்லப்படும்: ‘யோசிக்காத, பெயில் கிடைச்சா சரியாயிடும்.’ டாக்டரிடம் வரும்போது அதே ஆள் நெஞ்சு படபடப்பு, வாயு, தலைபாரம், கைகால் மரமரப்பு, உடம்பெல்லாம் எரிச்சல் என்பார். வாயு மாத்திரையோடு திரும்பிப் போவார். இப்படி ஒரே ஆள் மூன்று வாரத்தில் நான்கு முறை வாயுவுக்கு வந்தால் தூக்கம், பசி, சாவு எண்ணம் மூன்றையும் கேட்டுவிட வேண்டும். மனநல டாக்டரிடம் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. ‘மெண்டல்’ என்ற பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால் வேலை ஒதுக்கும்போதும் பிளாக் மாற்றும்போதும் அதுதான் முன்னால் நிற்கும். பக்கத்தில் படுக்கவே சிலர் மறுப்பார்கள்.

பெங்களூரு மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் (தேசிய மனநல மருத்துவ நிறுவனம்) மருத்துவர்கள் 5,024 கைதிகளைப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 79.6 சதவீதம் பேருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. போதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27.6 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் பலர் கவனிப்பதில்லை. சிறை வாசலில் வந்து நிற்கும் மனநலப் பிரச்சினையில் பெரும்பங்கு குடியும் புகையிலையும். அதனால் முதல் மூன்று நாட்களைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

தினமும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர் ஒருவர் கைதாகிறார் என்று வையுங்கள். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டு மணிக்குள் வலிப்பு வரலாம். நாற்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றாறு மணிக்குள் வருவதுதான் பெரிய ஆபத்து: நாள் கிழமை தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கையால் தட்டுவார், இல்லாத ஆளோடு பேசுவார், ‘வண்டி நிக்குது, போகணும்’ என்று கதவை இழுப்பார். போலீஸ் காவலில் ஒரு நாள் வரை வைத்துவிட்டுத்தான் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். ஆக இந்தக் கட்டம் சிறைக்குள் அவருடைய முதல் இரண்டு மூன்று இரவுகளில், அதுவும் அடைப்புக்குப் பிறகு வந்து நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் ‘நடிக்கிறான்’ என்பார்கள். இன்னும் சிலர் காத்துக் கருப்பு என்பார்கள்.

மனநோயிலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. நாடித்துடிப்பு நூறுக்கு மேல் போகும், உடம்பு தெப்பமாய் நனையும், விரல்களை நீட்டச் சொன்னால் நடுங்கும். காதில் குரல் கேட்பதைவிடக் கண்ணில் எதையாவது பார்ப்பதுதான் அதிகம். இரவில் கூடும், பகலில் கொஞ்சம் தெளியும். இது உயிர் போகிற நிலை. அமைதிப்படுத்தும் மருந்தான டையாசெபம் அல்லது குளோர்டையாசெபாக்சைடு வேண்டும். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாக வேண்டும். வரிசையை மாற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். அடிக்கடி நடக்கும் தவறு, ‘வயலண்ட்’ என்று எழுதி மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் ஊசியை மட்டும் போட்டு, தனி செல்லில் கட்டிப் போடுவது. ஹாலோபெரிடால் வலிப்பை எளிதாக வரவழைக்கும். கட்டிப்போட்ட உடம்பில் நீர் வற்றும். இரண்டும் சேர்ந்தால் விடியற்காலையில் ஆள் இருக்கமாட்டார்.

இதைத் தடுக்கச் சேர்க்கையின்போது நான்கு கேள்விகள் போதும்: கடைசியா எப்ப குடிச்சீங்க? தினமும் எவ்வளவு? நிறுத்தினா கை நடுங்குமா? வலிப்பு வந்திருக்கா? ஆனால் கேஸில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் பழக்கமே இல்லை என்பார்கள். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. அவரை நான்கடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். டையாசெபமும், மனநோய் மருந்தால் வரும் உடல் விறைப்பைத் தணிக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் சிறைக்குள் கைமாறும் சரக்குகள். வாய்க்குள் ஒதுக்கிவைத்து வெளியே எடுத்து விற்பது உண்டு. அதனால் ‘அதெல்லாம் இங்கே கிடையாது’ என்று ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். விளைவு, ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரை போட்டு உடம்பு விறைத்துப்போய், எச்சில் வழிய, சின்னச் சின்ன அடி வைத்து நடக்கும் ஆளுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் கிடைக்காது. இரண்டு நாள் பார்ப்பார், தன் மாத்திரையையே நிறுத்திவிடுவார். உண்மையான விறைப்பை, மாத்திரை கேட்பவரின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல்சக்கரம் போல விட்டுவிட்டு நகரும். அப்படி இருப்பவருக்கு, மருத்துவமனைக்கே வரவழைத்து, கண்ணெதிரே தண்ணீர் குடிக்கவைத்து, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்து அனுப்பலாம். மனநோய்க்கு மாதம் ஒன்றிரண்டு முறை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசி சிறைக்குப் பொருத்தமானதுதான். ஒளிக்கவும் முடியாது, திருடவும் முடியாது. ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கண் மேலே சொருகினால் அது சாமியும் இல்லை, நடிப்பும் இல்லை. ஒரு ப்ரோமெத்தசின் ஊசியில் அரை மணி நேரத்தில் அடங்கும் பக்கவிளைவு.

வேலூர், திருச்சி வெயிலில் கவனிக்கவேண்டிய மருந்து, மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம். ரத்தத்தில் அதன் அளவு 0.6-இலிருந்து 1.0-க்குள் இருக்க வேண்டும். வியர்த்துக் கொட்டி, போதுமான தண்ணீர் கிடைக்காமல், கூடவே ஒரு நாள் வயிற்றுப்போக்கும் வந்தால் அளவு எகிறிவிடும். உடம்புவலி என்று வருபவர்களுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியும் அதையே செய்யும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, குடித்தவர் மாதிரி தள்ளாடுவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். குளோசபின் என்ற மனநோய் மாத்திரை எடுப்பவர் சிறை மாற்றலாகி இரண்டு நாள் மருந்து விடுபட்டால் பழைய அளவில் தொடரக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏறிவர வேண்டும். இது மாற்றல் சீட்டில் எழுதப்படுவதேயில்லை.

பீடியைப் பற்றி ஒரு வார்த்தை. புகை ஒலான்சபினையும் குளோசபினையும் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். வெளியே நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர் உள்ளே வந்து நிறுத்தினால் அதே அளவு மாத்திரையே அதிகமாகி மயங்கிக் கிடப்பார். விடுதலையாகி மறுபடி பற்றவைத்தால் மருந்து பத்தாமல் போகும். குடும்பத்தார் ‘உள்ள நல்லாத்தான் இருந்தான், வெளிய வந்ததும் ஆரம்பிச்சிட்டான்’ என்று சொல்வதில் கொஞ்சம் இந்த வகை.

டாக்டர் வராத நாட்களிலும், அடைப்புக்குப் பிந்தைய பன்னிரண்டு மணி நேரத்திலும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது சக கைதிகள். இதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. குளிக்க வைப்பது, துணி அலசித் தருவது, சாப்பாட்டு வரிசையில் தட்டை வாங்கி வருவது, இரவில் முறைவைத்து முழித்திருப்பது எல்லாம் அவர்கள்தான். சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று பட்டினி கிடப்பவரோடு வாதம் செய்யாமல், பொதுப் பாத்திரத்திலிருந்து அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இல்லையென்றால் கேண்டீனில் வாங்கிய பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள். எந்தப் பாடப்புத்தகம் படித்தும் வந்ததல்ல இது, ஆனால் மிகச் சரியான சிகிச்சை முறை. தவறாகப் போவதும் உண்டு. தூங்கவிடாமல் சத்தம் போடுபவரை நான்கு தட்டு தட்டுவது, விபூதி அடித்து மாத்திரையை நிறுத்தச் சொல்வது, யாருக்கோ கொடுத்த தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது.

தண்டனைக் கைதிக்கு ஒரு தேதி உண்டு, தறி உண்டு, பேக்கரி உண்டு, மாலையில் உடம்பு அசதி உண்டு. விசாரணைக் கைதிக்கு வாய்தா மட்டும்தான். 2022 கணக்கில் நாட்டின் கைதிகளில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு வேலை கட்டாயம் இல்லை, பெரும்பாலும் கொடுக்கப்படுவதும் இல்லை. பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ‘யோசனை’க்கு உரம். காவல் நீட்டிப்பு வீடியோ வழியாக நடக்க ஆரம்பித்தபின், கோர்ட்டு வராந்தாவில் அம்மாவையோ பிள்ளையையோ பார்க்கிற பத்து நிமிடமும் போய்விட்டது. நூலகப் பொறுப்பு, படிக்கத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பது, தோட்டம் என்று எதையாவது கேட்டு வாங்கிக்கொள்பவர்கள் தேறிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஐந்து வேளைத் தொழுகையும், காலை ஜெபமும், சஷ்டி கவசமும் உதவுவதிலும் பக்திக்குச் சமமான பங்கு நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதற்கும் உண்டு.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிப் பூசி மெழுகாமல் பேச வேண்டும். ஆபத்தான நாட்களை முன்கூட்டியே குறித்துவைக்கலாம்: முதல் வாரம், பெயில் தள்ளுபடியான நாள், தீர்ப்பு நாள், மனு பார்க்க (சிறையில் வந்து சந்திக்க) வருவதாகச் சொன்னவர் வராத நாள், விவாகரத்து நோட்டீஸ் வந்த நாள், வீட்டில் சாவு. பெண்கள் சிறையில் இன்னொன்று உண்டு. அம்மாவோடு இருக்கும் குழந்தையை ஆறு வயது முடிந்ததும் வெளியே அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த நாள் எல்லோருக்கும் முன்பே தெரியும், ஆனால் அன்றைக்கு அந்தத் தாயோடு யார் இருப்பது என்று யாரும் திட்டமிடுவதில்லை.

சோப்பு, போர்வை, கேண்டீன் சாமான்களைத் தானம் செய்வது, பல நாள் கலங்கியிருந்தவர் திடீரென்று அமைதியாவது ஆகியவை அடையாளங்கள். ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, சுமை இறங்கத்தான் செய்யும். ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியாக விடாமல் உடனே வார்டரைக் கூப்பிட வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் தனி செல்லில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. நாலு பேரோடு, காவலர் பார்வை படும் இடத்தில், பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் படுக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2023-இல் கொடுத்த அறிவுரையிலும் துணைக்கு ஒரு சக கைதி, வீட்டோடு தொலைபேசித் தொடர்பு ஆகியவை இடம்பெற்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-ஆம் பிரிவு அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கத்தோடு முயன்றால் மட்டுமே குற்றம் என்கிறது. கையை அறுத்துக்கொண்டவர் மீதெல்லாம் அந்தப் பிரிவு போட முடியாது. வக்கீல் இதை எடுத்துச்சொல்ல வேண்டும்.

அதே மனநலச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பகுதியில் மனநல நிலையம் வேண்டும் என்கிறது. மனநோயுள்ள கைதி யாரும் சிறையில் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. வசதி இல்லாத சிறையிலிருந்து வெளி மருத்துவமனைக்கு அனுப்பலாம். சென்னையில் அது 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். நடைமுறையில் தடுப்பது எஸ்கார்ட். ஆயுதப்படைப் போலீஸ் வழிக்காவலுக்கு வந்தால்தான் வண்டி கிளம்பும். திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்றால் தேதி தள்ளிப்போகும். மருத்துவமனைத் தேதி தவறிய ஒவ்வொரு முறையும் குடும்பத்தார் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டால், நீதிமன்றத்தில் உத்தரவு கேட்கும்போது அது ஆதாரமாகும்.

வழக்கில் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன, வக்கீல்களே குழப்பிக்கொள்வார்கள். குற்றம் நடந்தபோது புத்தி தெளிவில்லாமல் இருந்தாரா என்பது நியாய சன்ஹிதா 22-ஆம் பிரிவு. இப்போது விசாரணையைப் புரிந்துகொண்டு தற்காத்துக்கொள்ள முடியுமா என்பது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 367, 368-ஆம் பிரிவுகள். முடியாது என்றானால், உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லாத பட்சத்தில், வெளி சிகிச்சைக்கு ஒழுங்காக அழைத்துப்போவோம் என்ற உறுதியின்பேரில் பிணையில் விடச் சொல்கிறது 369. இங்கேதான் குடும்பம் பின்வாங்கும், வழக்கு அப்படியே உறைந்துவிடும். எவ்வளவு தூரம் உறையும் என்பதற்கு அசாமின் மச்சாங் லாலுங்: 1951-இல் பிடிபட்டு மனநலக் காப்பகத்துக்குப் போனவர், 1967-இலேயே குணமானவர் என்று மருத்துவமனை சொல்லியும், 2005-இல்தான் வெளியே வந்தார். 54 ஆண்டு. இதற்கு நடுவில், 1993-இல், குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இருந்தது. மூன்றாவது கேள்வி, தண்டனைக்குப் பிறகு வரும் நோய். மரண தண்டனைக் கைதிக்கு அது தண்டனையைக் குறைக்கும் காரணம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014, 2019 தீர்ப்புகளில் உறுதியாகிவிட்டது.

ஒருவர் கைதானதும் வீட்டார் செய்யவேண்டியது ஒரே ஒரு தாள். நோயின் பெயர், மருந்தின் பெயர் (கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினால் போதாது), மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாகப் போட்ட நேரம், ஒவ்வாத மருந்து, இதற்கு முன் தற்கொலை முயற்சி உண்டா, பார்த்த டாக்டர். நான்கு நகல். ஒன்று ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டிடம் வக்கீல் வழியாக. சிகிச்சை தேவை என்று ரிமாண்ட் உத்தரவிலேயே ஒரு வரி ஏறிவிட்டால் பிறகு எல்லாம் எளிது. ஒன்று சிறைக் கண்காணிப்பாளருக்கு, ஒன்று சிறை மருத்துவருக்கு, ஒன்று கையில். மாத்திரையை நேராகக் கொண்டுபோனால் வாசலில் வாங்கமாட்டார்கள். சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்தால் உள்ளே இருக்கும் மருந்துக்கு மாற்றி எழுதுவார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

கடைசிக் கைமாற்றம் விடுதலை. பெயில் உத்தரவு சாயங்காலம்தான் வந்து சேரும், கேட்டைத் தாண்டும்போது சிறை மருந்தகம் மூடியிருக்கும். கையில் ஒரு நாள் மாத்திரைகூட இல்லாமல் ஆள் பேருந்து நிலையத்தில் நிற்பார். ஊருக்குப் போகும் வழியில் டாஸ்மாக்கும் இருக்கும். அதனால் பெயில் மனு போட்ட அன்றே, உள்ளே இருப்பவர் சிறை மருத்துவரிடம் எழுதிக் கேட்க வேண்டும்: பதினான்கு நாள் மாத்திரையும், இப்போதைய மருந்துச் சீட்டின் நகலும். சீட்டின் நகல் கிடைத்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அதே மருந்து இலவசமாகத் தொடரும், புதிதாகக் கதை சொல்லவேண்டியதில்லை. டையாசெபம் உள்ளே பல வாரம் எடுத்தவராக இருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாது. அபின் வகை ஊசியோ மாத்திரையோ முன்பு பழகியவராக இருந்தால், பழைய அளவை உடம்பு இனித் தாங்காது என்பதை வெளியே வரும் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் இரவில் யாராவது கூட இருங்கள். நிலைமை மோசமானால் அரசின் இலவச மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.